ஏறும் மலையும் ஏறும் எடையும்

பழனி அடிவாரத்தில் ஒரு தேநீர்க் கடை. மாலை நேரம். கூட்டம் முடிந்து திரும்பும் வழியில் ஐந்து பேர் பெஞ்சில் அமர்ந்திருந்தோம். எங்களில் ஒருவர் கிளைச் செயலாளர். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஊர் ஊராக மிதிவண்டி மிதித்தவர். இன்று வயது ஐம்பத்திரண்டு. எடை தொண்ணூறு கிலோ. அன்று காலையில்தான் மருத்துவர் அவரிடம், "உமக்குச் சர்க்கரை வந்துவிட்டது, எடையைக் குறையும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"நான் என்ன அப்படித் தின்றுவிட்டேன்? என் அப்பா ஒரு வேளைக்குத் தின்ற சோற்றை நான் இரண்டு வேளைக்குத் தின்கிறேன். அவருக்கு வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தது. எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்றார் அவர், மூன்றாவது தேநீரை ஆற்றிக்கொண்டே.

உடனே வைத்தியம் சொல்ல ஆள் கிடைக்காமல் போகுமா? "வாரம் ஒரு தடவை மலைப்படி ஏறுங்கள், கரைந்துவிடும்" என்றார் ஒருவர். "இரவுச் சாப்பாட்டை அடியோடு நிறுத்துங்கள்" என்றார் இன்னொருவர். "அரிசியை விட்டுச் சாமைக்கு மாறுங்கள்" என்றார் மூன்றாமவர். "மாவு ஒன்று விற்கிறார்கள், கரைத்துக் குடித்தால் மாதம் ஐந்து கிலோ போகுமாம்" என்றார் நாலாமவர். நாலு பேர், நாலு வைத்தியம்! கேட்டவர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்குத்தான் இங்கே பதில் தேட முயல்கிறேன்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமல்ல இது. 2019–21 ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர், ஆண்களில் நூற்றுக்கு 37 பேர் இருக்கவேண்டிய எடைக்கு மேல் இருக்கிறார்கள். 2015–16இல் இதே கணக்கு 31, 28 என்றிருந்தது. ஐந்தாண்டில் நூற்றுக்கு ஒன்பது பேர் கூடிவிட்டார்கள்! அதே கணக்கெடுப்பில், பெண்களில் நூற்றுக்கு 12 பேருக்கு மேல் இருக்கவேண்டிய எடைகூட இல்லாமல் மெலிந்து கிடக்கிறார்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஒரே தெருவில் ஒரு வீட்டில் தொப்பை, மறு வீட்டில் ஒட்டிய வயிறு. முன்பெல்லாம் தொந்தி பண்ணையாருக்குரிய அடையாளம். கேலிச்சித்திரக்காரர் தொந்தி வரைந்தால் முதலாளி என்று பொருள். இன்று அந்தத் தொந்தி லாரி ஓட்டுபவருக்கும், தையல் மிஷினில் குனிந்திருப்பவருக்கும், கடை வாசலில் காவல் இருப்பவருக்கும் வந்துவிட்டது. பண்ணையாரின் சொத்து வரவில்லை. அவருடைய நோய் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது!

கூலிகள் ஏறிய பாதை

பழனியிலிருந்து தெற்கே நிமிர்ந்து பார்த்தால் நீலமாகத் தெரிவது பழனி மலைத்தொடர். அதன் உச்சிப் பகுதியில் இருக்கிறது கொடைக்கானல். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர். 1845இல் அமெரிக்கப் பாதிரிமார் அங்கே வீடு கட்டினார்கள். வெயில் தாங்காத வெள்ளைக்காரர்கள் வரிசையாகப் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் மோட்டார் ஏறும் மலைச்சாலை பொதுமக்களுக்குத் திறந்தது 1916இல்தான். அதுவரை எப்படிப் போனார்கள்?

அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டு இறங்கி, மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கம் மலையடிவாரத்திலுள்ள கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்புக்கு வருவார்கள். அங்கிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதை. துரை குதிரையில் போவார். துரைசாணியும் குழந்தைகளும் நாற்காலியில் அமர்வார்கள். அந்த நாற்காலியைத் தோளில் தூக்கியவர்கள் நம்மவர்கள். பெட்டி, படுக்கை, அரிசி மூட்டை எல்லாம் நம்மவர் தலையில். அந்தப் பாதைக்கே வெள்ளையர் இட்ட பெயர் 'கூலி காட்' — கூலிகளின் மலைப்பாதை.

ஒரு கணக்குப் போடுவோம். கலோரி என்ற சொல்லை எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஒரு லிட்டர் தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி உயர்த்தத் தேவைப்படும் வெப்பம்தான் உணவுக் கணக்கில் ஒரு கலோரி. விறகை அளப்பது போல உணவையும் உழைப்பையும் அதனால் அளக்கலாம். 55 கிலோ எடையுள்ள ஒரு கூலி, 20 கிலோ சுமையுடன், அடிவாரத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரம் ஏறுகிறான். நம் தசைகள் எரிக்கும் சக்தியில் ஏறத்தாழ நாலில் அல்லது ஐந்தில் ஒரு பங்குதான் வேலையாக மாறும்; மீதி சூடாகவும் வியர்வையாகவும் போய்விடும். அதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த ஏற்றத்துக்கு மட்டும் சுமார் 1,300 கலோரி.

இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு இன்னோர் ஏட்டைப் புரட்டுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரை இது. 65 கிலோ எடையுள்ள ஆண், உட்கார்ந்த வேலை பார்த்தால் நாளொன்றுக்கு 2,110 கலோரி வேண்டும். நடுத்தர உழைப்புக்கு 2,710. கடும் உழைப்புக்கு 3,470. கடும் உழைப்பாளிக்கும் உட்கார்ந்திருப்பவனுக்கும் இடையே வேறுபாடு எவ்வளவு? 1,360 கலோரி! கிட்டத்தட்ட அந்தக் கூலி மலையேறச் செலவிட்ட அளவு.

கிளைச் செயலாளரின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. அவருடைய தந்தை நாள்தோறும் ஒரு மலை ஏறினார் — வயலிலும், வரப்பிலும், சுமையிலும், நடையிலும். மகன் மோட்டார் சைக்கிளில் போகிறார். தந்தையின் மலை போய்விட்டது. தந்தையின் தட்டு மட்டும் சற்றே சுருங்கி அப்படியே நிற்கிறது. வரவு சிறிது குறைந்தது. செலவு பெரிதும் குறைந்தது. மிச்சம் எங்கே போகும்? வயிற்றில்தான் வரவு வைக்கப்படும்!

பசி ஏன் பொய் சொல்கிறது?

"உழைப்புக் குறைந்தால் பசியும் குறைய வேண்டுமே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்கு விடை கண்டது ஒரு தொழிற்சாலையில். அதுவும் நம் நாட்டுத் தொழிற்சாலையில்!

மேற்கு வங்கத்தில் ஒரு சணல் ஆலை. ஜான் மேயர் என்ற விஞ்ஞானியும், ராய், மித்ரா என்ற நம் நாட்டு ஆய்வாளர்களும் அந்த ஆலையைச் சேர்ந்த 213 ஆண்களின் உணவையும் எடையையும் வேலையையும் அளந்து, 1956இல் முடிவை வெளியிட்டார்கள். நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் கடைக்காரர், குமாஸ்தா, எந்திரம் ஓட்டுபவர், கடும் சுமை தூக்குபவர் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள். நடுத்தர உழைப்பிலிருந்து கடும் உழைப்பு வரை, உழைப்புக் கூடக்கூட உணவும் கூடியது. எடை ஒரே சீராக நின்றது. பசி நேர்மையாகக் கணக்குச் சொன்னது. ஆனால் அறவே உட்கார்ந்திருப்பவர்களிடம் வந்தபோது கணக்குப் புரண்டது. அவர்கள் கடும் உழைப்பாளிக்கு இணையாகச் சாப்பிட்டார்கள். ஆலையிலேயே அதிக எடையும் அவர்களுக்குத்தான்!

பொருள் என்ன? உடல் அசையும்வரை பசி உண்மை பேசும். உடல் அசைவை மறந்தால் பசியும் அளவை மறக்கும். லாரியில் பத்து மணி நேரம் அமர்ந்திருக்கும் தோழருக்குப் பசிப்பது பெருந்தீனி ஆசையால் அல்ல. அளவு சொல்லும் கருவி பழுதுபட்டிருக்கிறது; அவ்வளவுதான்.

படியேறினால் கரையுமா?

இனி நாலு வைத்தியத்தையும் ஒவ்வொன்றாகச் சோதிப்போம்.

முதலாவது, பழனி மலைப்படி. அறுநூற்றுத் தொண்ணூறுக்கு மேற்பட்ட படிகள். உயரம் சுமார் 140 மீட்டர். 65 கிலோ மனிதர் ஏறினால், முன் சொன்ன கணக்குப்படி ஏறக்குறைய 100 கலோரி செலவாகும். வேர்த்து விறுவிறுத்து, மூச்சு வாங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறிய செலவு அவ்வளவே! 25 கிராம் சர்க்கரையில் 100 கலோரி இருக்கிறது, ஐந்து தேக்கரண்டி. இறங்கி வந்து இரண்டு தேநீரும் ஒரு வடையும் சாப்பிட்டால் மலை திரும்பி வந்து வயிற்றில் உட்கார்ந்துகொள்ளும். பஞ்சாமிர்தமும் அப்படியே. அது மலை வாழைப்பழமும் வெல்லச் சர்க்கரையும் கற்கண்டும் பேரீச்சையும் நெய்யும் தேனும் சேர்ந்தது. விரலில் எடுத்து நாவில் வைத்தால் பிரசாதம். டப்பாவோடு மடியில் வைத்துக்கொண்டால் சாப்பாடு!

கொடைக்கானலிலும் இதே கதைதான். ஏரியைச் சுற்றி ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். நடந்தால் 200 கலோரி போகும். கரையேறியதும் கடைத்தெருவில் வீட்டுச் சாக்லேட் வாங்கினால், 40 கிராமிலேயே அந்த 200ம் திரும்பிவிடும். நடக்க ஒரு மணி நேரம்; தின்ன ஒரு நிமிடம்.

அப்படியானால் நடக்க வேண்டாமா? கட்டாயம் நடக்க வேண்டும். நடை இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும், இதயத்தைக் காக்கும், தசையைக் காக்கும், பசிக்கு அளவைக் கற்றுக்கொடுக்கும். குறைந்த எடை திரும்பவும் ஏறாமல் தடுக்கும். ஆனால் வாயில் நடக்கும் வரவை வாரம் ஒரு நாள் கால் நடையால் அடைத்துவிடலாம் என்று நம்பி ஏமாறக்கூடாது.

பட்டினி கிடந்தால்?

இரண்டாவது வைத்தியம், பட்டினி. ஏட்டுக் கணக்கில் ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. நாளுக்கு 500 கலோரி குறைத்தால் பதினைந்து நாளில் ஒரு கிலோ குறைய வேண்டும். ஆனால் உடல் வெறும் பெட்டியடிக் கணக்குப்பிள்ளை அல்ல. வரவு குறைவதைக் கண்டால் செலவையும் சுருக்கிவிடும் குடும்பத்தலைவி!

அமெரிக்காவின் மின்னசோட்டாவில், 1944–45இல், உலகப் போரின் பசிக் கொடுமையைப் புரிந்துகொள்ள ஒரு சோதனை நடந்தது. 36 இளைஞர்கள் தாமே முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தார்கள். எடையில் நாலில் ஒரு பங்கு போனது. கூடவே சுறுசுறுப்பும் போனது, சிரிப்பும் போனது. எந்நேரமும் சோற்று நினைவு. பட்டினி முடிந்ததும் அடங்காத பசி! இழந்ததைவிடக் கூடுதலாகக் கொழுப்புச் சேர்ந்தது. ஆகவே, இரவுச் சோற்றை வீராப்பாக நிறுத்திவிட்டு நாலாம் நாள் இரண்டு பங்காகத் தின்பவரைக் கேலி செய்யாதீர்கள். அது மனத் தளர்ச்சி அல்ல, உடலின் தற்காப்பு. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் மருத்துவரைக் கேளாமல் பட்டினி கிடப்பது உயிருக்கே ஆபத்து. சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழுந்தவர்கள் உண்டு.

மெல்லக் குறைப்பதுதான் நிற்கும். மாதம் ஒன்றிரண்டு கிலோ போதும். தொண்ணூறு கிலோ மனிதர் ஐந்தாறு கிலோ குறைத்தாலே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்கும்.

உருளைக்கிழங்கு செய்த குற்றம் என்ன?

மூன்றாவது வைத்தியம் சாமை. இங்கேதான் உணவின் அளவை விட்டு உணவின் தரத்துக்கு வருகிறோம்.

முதலில் ஓர் உண்மை. நூறு கிராம் சாமையிலும் நூறு கிராம் அரிசியிலும் கலோரி ஏறத்தாழ ஒன்றே. 350ஐ ஒட்டி நிற்கும். "சிறுதானியம் என்றால் எவ்வளவும் தின்னலாம்" என்பது வியாபாரிகள் கட்டிவிட்ட கதை. தீட்டாத சாமையில் நார் கூடுதல். மென்று தின்ன நேரம் பிடிக்கும். சீக்கிரம் வயிறு நிறையும். பயன் அதில்தான் இருக்கிறதே தவிர, பெயரில் இல்லை. சாமையை மாவாக்கி, சர்க்கரை கொட்டி, பிஸ்கட்டாகச் சுட்டு, பொட்டலத்தில் 'சிறுதானியம்' என்று அச்சிட்டுவிட்டால் அது பிஸ்கட்தான்.

இதை நன்றாகப் புரிந்துகொள்ளப் பழனி மலைத்தொடரையே பாருங்கள். பூம்பாறையிலும் மன்னவனூரிலும் உருளைக்கிழங்கும் கேரட்டும் பூண்டும் விளைகின்றன. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கீழே தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் மலை வாழை. விருப்பாட்சி மலை வாழைக்கு 2008இலேயே அந்தச் சிறப்பு வந்துவிட்டது.

அவித்த உருளைக்கிழங்கு நூறு கிராமில் சுமார் 85 கலோரி. அதே கிழங்கைச் சீவி எண்ணெயில் பொரித்துச் சிப்ஸாக்கினால், நூறு கிராமில் 500க்கு மேல். வாழைப்பழம் நூறு கிராமில் சுமார் 100. வாழைக்காய் வறுவலில் மீண்டும் 500க்கு மேல். என்ன நடந்தது? தண்ணீர் வெளியேறியது, எண்ணெய் உள்ளே புகுந்தது. தண்ணீருக்குக் கலோரி இல்லை. எண்ணெய்க்குக் கிராமுக்கு ஒன்பது. வயிறு உணவின் பருமனைப் பார்த்துத்தான் "போதும்" என்கிறது. அவித்த கிழங்கு இரண்டு தின்றால் வயிறு போதும் என்று சொல்லும். சிப்ஸ் பொட்டலம் காலியான பிறகும் கை உள்ளே துழாவிக்கொண்டிருக்கும்!

இது வெறும் பேச்சல்ல. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 38 வகை உணவுகளை ஒரே அளவு சக்தி வரும்படி கொடுத்து, எது அதிக நேரம் பசி தாங்குகிறது என்று சோதித்து, 1995இல் முடிவை வெளியிட்டார்கள். முதலிடம் எதற்கு? அவித்த உருளைக்கிழங்குக்கு! கடைசி இடம் வெண்ணெய் சேர்த்த மைதா ரொட்டி வகைக்கு. "கிழங்கு தின்றால் குண்டாவாய்" என்று பழிக்கப்பட்ட ஏழைக் கிழங்கு குற்றவாளி அல்ல. அதைப் பொரித்த சட்டியை விசாரியுங்கள்.

2019இல் அமெரிக்க அரசின் தேசியச் சுகாதார நிறுவனத்தில் இன்னொரு சோதனை. 20 பேரை உள்ளேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் தயாரான பொட்டல உணவும், இரண்டு வாரம் வீட்டுச் சமையல் போன்ற உணவும் கொடுத்தார்கள். பரிமாறிய உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார் எல்லாம் சமம். "வேண்டிய மட்டும் சாப்பிடுங்கள்" என்பதுதான் கட்டளை. பொட்டல உணவு தின்ற நாட்களில் அவர்கள் தம்மை அறியாமலே தினம் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். இரண்டு வாரத்தில் எடை 0.9 கிலோ ஏறியது. வீட்டுணவு தின்றபோது அதே அளவு இறங்கியது.

தரமா, அளவா என்று வழக்காடுகிறவர்களுக்கு இதுவே தீர்ப்பு. எடையை முடிவு செய்வது அளவு. அந்த அளவையே முடிவு செய்வது தரம். தரமான உணவு தட்டில் இருந்தால் அளவை நாம் காவல் காக்க வேண்டியதில்லை. வயிறே காவல் காக்கும்.

நாலாவது வைத்தியமான மாவுக்கு நீண்ட பேச்சுத் தேவையில்லை. அதைக் குடித்தவர் மெலிந்தால், சோற்றுக்குப் பதிலாகக் குடித்து மொத்தத்தில் குறைவாக உண்டதால் மெலிந்தார். மாவை நிறுத்தியதும் பழைய தட்டு வரும். பழைய எடையும் வரும். போன பணம் மட்டும் வராது.

யார் மீது குற்றம்?

தோழர்களே! எல்லாப் பழியையும் உழைப்பவன் வாய் மீது போட்டுவிட்டு நகர்ந்துவிடலாமா? கூடாது. பூம்பாறையிலிருந்தும் மன்னவனூரிலிருந்தும் மூட்டை மூட்டையாகக் காய்கறி கீழே இறங்குகிறது. அதே சாலையில் மேலே ஏறுவது என்ன? பிஸ்கட், சிப்ஸ், வண்ணத் தண்ணீர்! காய் விளைவித்தவன் பிள்ளை ஐந்து ரூபாய்க்குப் பொட்டலம் வாங்கித் தின்கிறது. பத்து ரூபாய்க்கு வயிற்றை நிரப்பக்கூடியது எண்ணெயும் மாவும் சர்க்கரையும்தான் என்று சந்தை ஆகிவிட்டது. கீரையும் பருப்பும் பழமும் விளம்பரம் செய்துகொள்வதில்லை. பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து வருபவனுக்குச் சமைக்க நேரமும் இல்லை. நடக்க நடைபாதையும் இல்லை. பொருளுக்கு நியாய விலை, வேலைக்கு நியாய நேரம், ஊருக்கு நடைபாதை, பொட்டலத்தின் முகப்பிலேயே எவரும் படிக்கும்படி எச்சரிக்கை — இவையெல்லாம் எடைப் பிரச்சினையின் பகுதிதான். இவற்றுக்காகக் குரல் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் நாம்.

ஆனால் அவை கிடைக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? நம் கையில் இருப்பதை இன்றே செய்யலாம்.

ஒன்று, இடுப்பை அளந்து பாருங்கள். கால்சட்டை போடுபவருக்கு இடுப்பு வார் எச்சரிக்கை செய்யும். நம் வேட்டி எந்த வயிற்றுக்கும் இடம் கொடுத்துவிடும்! தையற்காரர் நாடாவைக் கேட்டு வாங்கித் தொப்புள் மட்டத்தில் சுற்றிப் பாருங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதற்கு மேல் போனால், கை கால் மெலிந்திருந்தாலும் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு, தேநீர். நாளுக்கு எட்டுத் தேநீர். ஒவ்வொன்றிலும் 10 கிராம் சர்க்கரை. மொத்தம் 80 கிராம், 320 கலோரி. மூன்று தடவை பழனி மலை ஏறினாலும் இதைக் கழிக்க முடியாது! உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் நல்ல அளவு நாளுக்கு 25 கிராம். "சர்க்கரை பாதி" என்று சொல்லப் பழகுங்கள். ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும்.

மூன்று, தட்டு. சோற்றை விலக்க வேண்டாம். ஒரு கரண்டி குறையுங்கள். குறைந்த இடத்தில் கீரையையும் காயையும் பருப்பையும் வையுங்கள். கொண்டைக்கடலை, கொள்ளு, முட்டை — இவை பணக்காரன் பண்டமல்ல. இரவில் மைதாப் பரோட்டாவும் எண்ணெய் மிதக்கும் சால்னாவும் நாள்தோறும் வேண்டாம். ஒரு பரோட்டாவே சுமார் 250 கலோரி.

நாலு, மது. சாராயத்தில் உள்ள போதைப்பொருள் கிராமுக்கு ஏழு கலோரி. ஒரு குவார்ட்டர் பிராந்தியில் 400க்கு மேல். தொட்டுக்கொள்ளும் வறுவலின் கணக்கு தனி.

ஐந்து, நடை. நாளுக்கு அரை மணி நேரமாவது மூச்சு சற்று வாங்கும்படி நடங்கள். இரண்டு தெருவுக்கு மோட்டார் சைக்கிள் எதற்கு? வீடு வீடாகப் போய் மக்களைச் சந்திப்பதைவிட நல்ல நடை வேறு உண்டா?

ஆறாவது, நம் கூட்டங்கள். பஜ்ஜியும் இனிப்பும் குளிர்பானமும் வைத்துத்தான் தோழரை உபசரிக்க வேண்டுமா? ஒரு தொன்னை சுண்டலும் மலை வாழைப்பழம் ஒன்றும் கொடுத்தால் மரியாதை குறைந்துவிடுமா? செலவும் மிச்சம், பழனி மலைச் சாகுபடிக்காரனுக்கும் வரவு.

அன்று தேநீர்க் கடையில் கிளைச் செயலாளரிடம் இவ்வளவையும் சொல்லி முடித்தபோது இருட்டிவிட்டது. அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா சுமந்த சுமையை நானும் சுமக்க வேண்டும் என்கிறீர்களா?" என்றார்.

வேண்டாம், தோழர்களே! அந்தக் கூலிப் பாதையை நாம் மூடியது சரி. மனிதனை மனிதன் தூக்கிச் சுமந்த காலம் ஒழிந்தது சரி. முதுகொடியும் உழைப்பிலிருந்து விடுதலை பெற்றதற்காக நாம் வருந்தவேண்டியதில்லை. ஆனால் தோளிலிருந்து இறக்கிவைத்த சுமையை வயிற்றில் ஏற்றிக்கொள்வதற்கா அவ்வளவு பாடுபட்டோம்?

கடைக்காரர் நாலாவது தேநீரை ஆற்றத் தொடங்கினார். கிளைச் செயலாளர் கையை உயர்த்தினார்.

"எனக்குச் சர்க்கரை இல்லாமல்!"

பிறகு சாவியை எடுத்து மோட்டார் சைக்கிளைப் பையனிடம் கொடுத்துவிட்டு, பேருந்து நிலையம் வரை எங்களோடு நடந்தே வந்தார்.